கட்டில் கம்பியில் ஒரு தட்டு

அன்புள்ள பொடிசுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சித்தப்பாவும் நலமாக இருக்கிறோம். நீ அங்கே சளி, இருமல் எதுவும் இல்லாமல், வேளைக்கு ஏதாவது வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது தூங்கிக்கொண்டிருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் ஃபோனில் முகத்தைப் பார்த்துக்கொள்கிற இந்தக் காலத்தில் அம்மாவுக்கு என்ன வந்தது, காகிதத்தில் எழுதிக் கூரியரில் போட்டிருக்கிறாளே என்று உறையைப் பார்த்ததும் நீ யோசித்திருப்பாய். கூரியர்க் கடைக்காரர் ஆறு நாளில் போய்ச் சேரும் என்கிறார். உன் தீசிஸைக் கொடுக்க இன்னும் பதினேழு நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. ஃபோனில் சொல்ல நாலு தடவை முயன்றேன். நீ 'சொல்லும்மா' என்கிறாய், நான் 'சாப்பிட்டியா' என்கிறேன். மெசேஜ் அடிக்கலாம் என்றால் அடித்ததை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது, அது என் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேனாவுக்கு அந்த வசதி இல்லை.

சில்லறைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் மூச்சு வேண்டும். மாடி வீட்டுக் குழாய் மறுபடியும் ஒழுகி நம் குளியலறைச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. கேட்டால், போன மாதமே பிளம்பரிடம் சொல்லியாகிவிட்டது என்று அதே பாட்டைப் பாடுகிறார் அந்த மனிதர். கண் ஆஸ்பத்திரியில் என் கவுண்டருக்கு மேலே டோக்கன் நம்பர் காட்டுகிற புதுப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு நம்பரை எழுத்தில் காட்டுகிற புத்தி எந்த மகானுக்கு வந்ததோ, இன்னமும் நான்தான் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். படிவம் நிரப்புவதும் நான்தான். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கை நமநமவென்று அரிக்கும், வாசல் வரை போன ஆளையும் துரத்திப் பிடித்துக் கேட்டு எழுதினால்தான் அடங்கும் என்று உனக்குத் தெரியும். நீயும் அப்பாவும் அதை வைத்து என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறீர்கள். இந்தக் கடிதமே அந்த அரிப்பால் வந்த வினைதான்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது நீ அங்கே படிக்கச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஓடி வந்தாய், மூன்று வாரம் இருந்தாய். கால் கொஞ்சம் பிடி கொடுத்தது, வலது கை வரவில்லை, பேச்சு மட்டும் குழறிக் குழறி வந்தது. 'ஜன்னல்' என்பது 'சன்ன' என்று வரும். 'தண்ணி' ஒரு நாள் 'தன்னி', மறுநாள் 'நன்னி'. எனக்குப் புரியும், சித்தப்பாவுக்குப் பாதி புரியும், வெளி ஆட்களுக்கு ஒன்றும் புரியாது. மருந்துக் கடைக்காரர் அப்பாவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து 'என்ன சொல்றாரு?' என்று கேட்டபோது அப்பா முகம் எப்படிச் சுண்டிப்போனது என்று நீயே பக்கத்தில் நின்று பார்த்தாய். திரும்பிப் போனதும், அதுவரை சிக்னல் விளக்கு, வண்டி நெரிசல் என்று செய்துகொண்டிருந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அப்பா பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டு அதைத் திருத்தமாகச் சொல்கிற புரோகிராம் செய்யப்போகிறேன், அதுதான் என் தீசிஸ் என்றாய். ஒரே ஒரு மனிதரை வைத்து என்ன ஆய்வு என்று உன் கைடு ஒத்துக்கொள்ளவில்லை, நீ இரண்டு மாதம் மல்லுக்கு நின்று சம்மதிக்க வைத்தாய். என் ஃபோனில் கட்டம் கட்டமாக ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாய். எண்பது வார்த்தை. தண்ணி, வலி, போதும், ஜன்னல், விளக்கு, செருப்பு, வேண்டாம். திரையில் வார்த்தை வரும், நான் பட்டனை அழுத்துவேன், அப்பா சொல்வார், சிவப்பாக இருக்கிற கட்டம் பச்சையாகும். வாரம் ஒரு சுற்று, எண்பதும் பச்சையானால் தானாகவே உனக்கு வந்துவிடும். முதலில் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான்கைந்து வாரம் போனதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் நல்ல சட்டையை எடுக்கச் சொல்லிக் கை காட்ட ஆரம்பித்தார். குரல்தானே போகுது, சட்டை எதுக்கு என்றால், பொடிசு வேலைக்குப் போறேன் என்று குழறுவார். உன் புரோகிராம் முதல் மாதம் எண்பதில் முப்பத்தொன்று கண்டுபிடித்தது, ஐந்தாவது மாதம் நாற்பத்து நான்கு. நீ அந்த நம்பரைச் சொன்னதும் அப்பா நாற்பத்து நான்கு என்பதையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தது நினைவிருக்கிறதா?

அவ்வளவுதான் உண்மை. அதற்கு மேல் உனக்குத் தெரிந்ததெல்லாம் பொய். பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அப்பா நாற்காலியிலிருந்து சரிந்தார். சத்தம்கூட இல்லை. மூளையில் இரண்டாவது அடைப்பு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நடுவில் நீ கூப்பிட்ட இரண்டு தடவையும் நான் அந்த மாடிப்படியில் நின்றுகொண்டு, கடைக்கு வந்திருக்கேன், ஒரே இரைச்சல், அப்புறம் பேசறேன் என்று வைத்தேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்து விளக்கிவிட்டு, 'அவருக்கு எல்லாம் புரியும்மா, ஆனா பேச்சு மட்டும் இனிமே வராது, எதிர்பார்க்காதீங்க' என்றார். அதற்குப் பிறகு அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றுகூட இல்லை, பொடிசு. உன் படிப்பு முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் சித்தப்பாவும் அந்தப் படியிலேயே முடிவு கட்டினோம். வீடியோவில் நீ வந்தபோதெல்லாம் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து, இப்பத்தான் உனக்காகப் பேசிப் பேசிக் களைச்சுட்டார் என்று நான் சொன்னதும், அவர் கண்ணை மூடிக்கொண்டதும், பாவம்ப்பா தூங்குங்க என்று நீ சொன்னதும், எல்லாம் நான் போட்ட நாடகம். அவர் கண்ணை மூடியது களைப்பினால் இல்லை. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல்.

முதல் தடவை வேண்டுமென்று செய்யவில்லை, இதை மட்டும் நம்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் உன் மெசேஜ் வந்தது, இந்த வாரம் எண்பதும் சிவப்பா இருக்கே, நாளைக்கு கைடு முன்னாடி காட்டணும்மா என்று. நான் ஃபோனை அப்பா வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் 'தண்ணி' இருந்தது. அப்பா வாய் கோணலாக அசைந்தது, காற்றுகூட வரவில்லை. திரும்பவும் முயன்றார், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, வாக்கருக்கு அடியில் மாட்டுகிற ரப்பரை வாங்கிக்கொண்டு சித்தப்பா உள்ளே வந்தார். அண்ணனைச் சிரிக்க வைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை வம்புக்கு இழுப்பதுதானே. அப்பா குழறுகிற மாதிரியே உதட்டைக் கோணிக்கொண்டு 'நன்னி' என்றார். என் விரல் பட்டன் மேலேயே இருந்தது. கட்டம் பச்சையானது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை என்பது உனக்குத் தெரியாததா. முப்பது வருடமாக இரண்டு பேரும் ஒன்றாகவே லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்தவர்கள், குழிக்குள்ளிருந்து கத்துவது யார் என்று கட்டடத்து வாட்ச்மேன்களுக்குக்கூடத் தெரியாது. நீயே எட்டு வயதில் ஃபோனில் சித்தப்பாவை அப்பா என்று நினைத்துக்கொண்டு சைக்கிள் கேட்க, அவரும் சரி வாங்கித் தர்றேன் என்று வாக்குக் கொடுத்து, அப்பாவை வசமாக மாட்டிவிட்டார். ஆக, ஒரு கட்டம் பச்சை, மீதி எழுபத்தொன்பது சிவப்பு. நான் என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் பாதி, இந்தச் சிவப்பைப் பார்க்கச் சகிக்கவில்லையே என்ற என் புத்தி பாதி. இன்னொண்ணு சொல்லுங்க என்றேன். சித்தப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, 'வேணாம் அண்ணி' என்றார். இந்த ஒரு வாரம் மட்டும் என்றேன். அந்த ஒரு வாரத்தைப் பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன்.

வெளி அறையில் தெரு இரைச்சல் விழும், உன் புரோகிராமுக்கு ஆகாது என்பதால் அப்பா கட்டில் இருக்கிற உள் அறையில் வைத்துத்தான் செய்தோம். அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு, அவர் காது கேட்க, அவருடைய குழறலை அவருடைய தம்பியைச் சொல்ல வைத்து நான் பதிவு செய்தேன். எழுதும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. உன் நம்பர் மளமளவென்று ஏறியது. ஐம்பத்திரண்டு, அறுபத்து மூன்று, எழுபத்தொன்று. அப்பா தேறிக்கொண்டே வருகிறார் என்று நீ துள்ளினாய். ஏன் ஏறியது என்று எனக்குக்கூடத் தெரியும். அப்பா ஒரு நாள் குழறுகிற மாதிரி மறுநாள் குழறமாட்டார், வலி இருந்தால் ஒரு மாதிரி, கோபம் இருந்தால் ஒரு மாதிரி. சித்தப்பா நடிக்கிறவர், எல்லா வாரமும் ஒரே அச்சாகக் குழறினார். ஆள் மாறியது, அதைத்தான் உன் வரைபடக் கோடு மேலே போவதாகக் காட்டியது.

மூன்றாவது வாரம் நீ ஒன்று எழுதினாய். பின்னாடி டக்குனு ஒரு சத்தம் வருதும்மா, எல்லா வார்த்தையிலயும் வருது, கட்டில் ஸ்க்ரூ ஏதாவது லூசா இருக்கான்னு சித்தப்பாவைப் பாக்கச் சொல்லு, பரவால்ல, நான் அதை மட்டும் வெட்டி எடுக்க ஒரு ஃபில்டர் எழுதிட்டேன் என்று. நான் சொன்னேன். சித்தப்பாவும் ஸ்பானரைக் கொண்டுவந்து கட்டிலின் நான்கு காலிலும் நட்டை முறுக்கிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் டக். அதற்கடுத்த வாரமும் டக். ஒன்பதாவது வாரம்தான் நான் கவனித்தேன், சத்தம் போடுவது கட்டில் இல்லை, அப்பா இடது கை. விரல் முட்டியை மடக்கிக் கட்டிலின் பக்கக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுகிறார். நரம்பு இழுக்கிறதோ, இல்லை வழக்கமான வீம்போ என்று நினைத்தேன். சும்மா இருங்க, ரெக்கார்டு ஆகுது என்று அதட்டினேன். அவர் நிறுத்தவில்லை. கம்பியைச் சுற்றித் துண்டைக் கட்டினேன். அந்த வாரம் நீ, ஆடியோ சுத்தமா இருக்கு, சூப்பர்ம்மா என்று கைதட்டுகிற படம் ஆறேழு அனுப்பியிருந்தாய். கடைசி மூன்று வாரமும் துண்டு கட்டித்தான் பதிவு செய்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் பதினோராவது சுற்றை அனுப்பி முடித்ததும் நீ கூப்பிட்டாய். குரலிலேயே சிரிப்பு வழிந்தது. கைடு ரொம்பச் சந்தோஷப்பட்டார், அப்பா தேறி வந்ததை வைத்தே தனி அத்தியாயம் எழுதச் சொல்லிவிட்டார், தீசிஸை எல்லார் முன்னாலும் விளக்கிச் சொல்கிற அன்று முதல் மாதக் குரலையும் இப்போதைய குரலையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டப் போகிறோம், அப்பா குரல் அந்த ஹால் பூரா கேக்கும்மா என்றாய். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. சித்தப்பா அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின டம்ளரைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கையோடு உள்ளே போய் அப்பா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் உன்னிடம் சாப்பிட்டியா கேட்டு வைத்துவிட்டு உள்ளே போனால், தலையைத் தூக்காமல் சொல்கிறார், 'அண்ணி, அது ஸ்க்ரூ இல்ல. முதல் நாளே எனக்குத் தெரியும். அது அண்ணன்.'

அவர்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு என்பது உனக்கும் தெரியும், ஆனால் அதற்குக் காரணமான கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை, அப்போது நீ கைக்குழந்தை. ஒருவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் இன்னொருவர் மேலே பட்டன் பக்கத்தில் நிற்பார். உள்ளே இருப்பவர் குரல் கொடுக்காமல் மேலே இருப்பவர் பட்டனைத் தொடக்கூடாது. ஒரு நாள் அப்பா உள்ளே இருந்தார். சித்தப்பா மேலேயிருந்து, அண்ணா சரியா என்று கேட்டார். அப்பா காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற வாட்ச்மேன், உதவி செய்கிற நினைப்பில், சரி சரி என்றார். சித்தப்பா பட்டனை அழுத்தினார். அப்பா இடது கையில் சுண்டுவிரல் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சட்டத்தில் இரண்டு வரி கூட்டிக்கொண்டார்கள். உள்ளே இருப்பவருக்குப் பதிலாக வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மோட்டார் இரைச்சலில் குரல் எடுபடாது என்றால், லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில் தட்ட வேண்டும். இரண்டு தட்டினால் மேலே போகலாம். மூன்று தட்டினால் நான் வெளியே வந்துட்டேன். ஒன்று தட்டினால், நில்லு, ஆள் உள்ள இருக்கு.

நீ சின்னதாக இருந்தபோது குளியலறைக் கதவைப் பிறாண்டுவாயே, அப்பா உள்ளே இருந்து கதவில் ஒரு தட்டுத் தட்டுவார், நீ வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். அதே தட்டுத்தான் இது. பதினோரு வாரமாக ஒவ்வொரு வார்த்தைக்கும் தட்டியிருக்கிறார். நில்லு, ஆள் உள்ள இருக்கு. நில்லு, ஆள் உள்ள இருக்கு. நீ அதைச் சத்தம் என்று வெட்டி எறிந்தாய், நான் துண்டைச் சுற்றி அமுக்கினேன், அர்த்தம் புரிந்துகொண்ட ஒரே ஆள் ஸ்பானரைக் கொண்டுவந்து நட்டை முறுக்கினார். ஏன் இப்படிச் செய்தீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். 'பொடிசுக்கு டிகிரி வரட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன் அண்ணி. உள்ள இருக்கறவனுக்குப் பதிலா இன்னொருத்தன் குரல் கொடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அந்த விரலைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு ஓடினவனே நான்தான்' என்று சொல்லிவிட்டு அழுதார். நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவர் அழுது பார்த்ததில்லை. துண்டை அவர்தான் அவிழ்த்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கையைத் தொட்டபோது இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவுண்டரில் நம்பரைக் கூப்பிடும்போதே நடுவில் நின்றுபோகிறேன். இந்தப் பதினோரு வாரத்தைக் கழித்துவிட்டால் உன்னிடம் மிஞ்சுவது அந்த ஐந்து மாதமும் நாற்பத்து நான்கும்தான். அதை வைத்து ஒன்றும் ஆகாது, குறைந்தது அறுபது வேண்டும் என்று கைடு ஆரம்பத்திலேயே சொன்னதாக நீ சொல்லியிருக்கிறாய். அப்பாவைப் பார்க்க வந்ததற்காக ஏற்கெனவே ஒரு தடவை தவணை வாங்கிவிட்டாய், இன்னொன்று கொடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். இரண்டு வருடம் நீ கண் விழித்ததை நான் ஒரு பட்டனை அழுத்தி மண்ணாக்கிவிட்டேன். சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன், இதையும் உன்னிடம் மறைக்கவில்லை, மூன்று நாள் அதைத்தான் யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் எல்லாம் அடங்கிவிடும் என்று. ஆனால் அந்த ஹாலில் முன்பின் தெரியாத மனிதர்கள் உட்கார்ந்து சித்தப்பாவின் நடிப்பைக் கேட்டுவிட்டு உன் அப்பாவுக்காகக் கைதட்டுவார்கள், இங்கே அவர் கம்பியைத் தட்டிக்கொண்டு கிடப்பார் என்று நினைத்ததும் என்னால் முடியவில்லை. அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ அந்தப் புரோகிராமைப் பட்டத்துக்காகவா ஆரம்பித்தாய்? அவர் பேச்சு நாலு பேருக்குப் புரிய வேண்டும் என்றுதானே. இனி புரிந்துகொள்ள அவரிடம் பேச்சு இல்லை. அது சரியாக வேலை செய்தாலும் இந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி தெரியவில்லை, பொடிசு. மற்றவர்களின் அம்மாக்கள் கடைசியில் ஒரு தைரிய வார்த்தை எழுதுவார்கள். என்னிடம் எழுத ஒன்றுமில்லை.

உன் கைடு கேட்டால், எல்லாம் நான் செய்தது, மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எந்தப் படிவமாக இருந்தாலும் அனுப்பு, இந்தத் தடவை தெரியாத கட்டத்தைத் தெரியாது என்றே விடுகிறேன். சித்தப்பாவைத் திட்டாதே, அவர் ஒரு வாரமாக வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் சுற்றுகிறார், என்னைத் திட்டு. அதற்காக நீ சாப்பிடாமல் இருந்து என்னைத் தண்டிக்க வேண்டாம். ஈரத் தலையோடு வெளியே போகாதே, அந்த ஊர்க் குளிர் உனக்கு ஆகாது. இருக்கிற ஒரே நல்ல செருப்பைப் பனியில் போட்டு நாசம் செய்யாதே. இதைப் படிக்கும்போது தனியாக இருக்காதே, அந்த அறைத்தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன்னை ஆசீர்வதிக்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, ஆனாலும் பெற்ற வாய் சும்மா இருக்காது. நீ எடுத்தது எதுவோ அது ஒரு நாள் உன் கைக்கு வரட்டும், இல்லாவிட்டாலும் நீ நன்றாக இரு, நெடுநாள் இரு. மறக்காமல் ஒன்று செய். எதையும் வெட்டுவதற்கு முந்தைய ஒலியைத் தூக்கிப் போடுவதில்லை என்று ஒரு தடவை சொன்னாய். துண்டு கட்டாத அந்த எட்டு வாரத்தையும் உன் ஃபில்டர் இல்லாமல் ஒரு முறை கேள். வார்த்தைகளை விட்டுவிடு, அதெல்லாம் சித்தப்பா. பின்னால் வருகிற அந்த டக்கை மட்டும் கேள். அப்புறம் ஃபோன் செய்தால் என்னிடம் பேச வேண்டாம், கட்டில் கம்பிப் பக்கத்தில் வை என்று சொல், வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்றிய, உன் அம்மா

எழுதி முடித்த பின்: உறையை ஒட்டுவதற்கு முன்னால், அப்பாவைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாமல் இனிமேல் எதுவும் வேண்டாம் என்று, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதை முழுசாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். டாக்டர் சொன்னதை நான் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, அவர் கையைப் பார்த்தேன். தட்டவில்லை. துண்டு கட்டியதையும் வாசித்தேன். தட்டவில்லை. சித்தப்பா அழுததை, உன் இரண்டு வருடம் மண்ணானதை, அவருக்கு இனிப் பேச்சு இல்லை என்பதை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், விரல் கம்பிமேல் அப்படியே இருந்தது. கடிதம் முழுக்க ஒரே ஓர் இடத்தில்தான் தட்டினார். முதல் வரியில் நான் பழக்க தோஷத்தில் நானும் அப்பாவும் சித்தப்பாவும் நலமாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தேன் பார், அதை வாசித்து வாய் மூடவில்லை, டக். அதனால்தான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன்.